ஒரே ஓர் ஆட்சியாளரோடு முடிந்த ஜெர்மன் சிற்றரசு எது?

கேள்விக்குச் சரியாகப் பொருந்தும் அரசுகளில் ஒன்று சாக்சன்-ஐசன்பெர்க். நடு ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் கோத்தாவை ஆண்ட கோமகன் எர்ன்ஸ்ட் 1675இல் இறந்தபோது ஏழு மகன்கள் இருந்தார்கள். மூத்தவருக்கே முழு அரசும் என்ற முறை அந்தக் குடும்பத்தில் இல்லை. 1680இல் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாமவரான கிறிஸ்டியானுக்கு ஐசன்பெர்க், ரோனபுர்க், ரோடா, காம்புர்க் கிடைத்தன. கைக்குட்டை அளவு நாடுதான். ஆனாலும் தலைநகருக்குரிய அரண்மனையை எழுப்பினார். அதனுள் இருக்கும் தேவாலயத்தின் வெண்சுதைப் பூவேலைகளையும் கூரை ஓவியங்களையும் இன்றும் பார்க்கலாம். எனக்கு அவர்மீது பரிவு உண்டு. ரசவாதத்தில் தங்கம் பிறக்கும் என்று நம்பிச் செலவழித்தார், கடன்தான் பெருகியது. 1707இல் ஆண் வாரிசின்றி இறந்தார். பங்குச் சண்டை 1735வரை நீண்டு, ஐசன்பெர்க் மூத்த அண்ணன் வழியினர் ஆண்ட கோத்தா-ஆல்டன்புர்க்கிடமே சேர்ந்தது.