சங்கி நூல்ல முதல் ஸ்வெட்டர்: எந்த நூல் எடுக்கறது, ஸ்வாட்ச் கட்டாயம் போடணுமா?

ஸ்வாட்ச்ல இருந்தே, அதாவது உடுப்புக்கு முன்னாடி அளவு பார்க்கப் பின்னற சோதனைத் துண்டுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா எந்த நூல் வாங்கணும்ங்கற உங்க முதல் கேள்விக்கும் பதில் அதுக்குள்ள தான் இருக்கு. பெரிய ஊசி, மொத்தமே நூத்தி சொச்சம் ஸ்டிச், மடமடன்னு வளர்ந்துடும், இதுக்கு எதுக்கு தனியா ஒரு துண்டு பின்னி நேரத்தை விடணும்னு கேட்டிருக்கீங்க. சங்கின்னு சொல்ற தடி நூலைப் புதுசா எடுக்கற நிறைய பேருக்கு வர்ற நினைப்பு தான் இது, ஆனா நிலைமை அப்படியே தலைகீழ். மெல்லிசு நூல்ல கேஜ், அதாவது 10 செ.மீ.ல எத்தனை ஸ்டிச் வருதுங்கற கணக்கு, லேசா தவறினா பரவாயில்லன்னு போட்டுக்கலாம், சங்கில அதே அளவு தவறினா ரெண்டு சைஸ் தள்ளிப் போயிடும்.

கணக்கு போட்டே காட்டறேன். உங்க பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 12 ஸ்டிச்னு கேட்குது, மார்புச் சுற்று 100 செ.மீ. வரணும்னு வச்சுக்கங்க, அப்போ 120 ஸ்டிச் போடுவீங்க. உங்க கை கொஞ்சம் லூஸ், 12க்கு பதிலா 11 தான் வருதுன்னா அந்த 120 ஸ்டிச் 109 செ.மீ. ஆயிடும். ஒரே ஒரு ஸ்டிச் வித்தியாசத்துக்கு 9 செ.மீ. இதே 28 ஸ்டிச் கேஜ்ல இருக்கற மெல்லிசு நூலா இருந்தா 280 ஸ்டிச் போட்டிருப்பீங்க, ஒரு ஸ்டிச் குறைஞ்சு 27 வந்தாலும் 104 செ.மீ. கிட்ட தான் நிக்கும், அதைப் போட்டுக்கிட்டு வெளிய போகலாம். இன்னும் தடிமனான சூப்பர் பல்க்கில, 10 செ.மீ.க்கு 8 ஸ்டிச் வர்ற இடத்துல, 7 வந்தா 100 செ.மீ. 114 ஆகுது, அரை ஸ்டிச் குறைஞ்சாலே 107 கிட்ட. அதனால தான் அரை ஸ்டிச்சைக் கூட விடாம எண்ணணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

இப்போ நூலுக்கு வர்றேன். லேபிள்ல ஒரு நூல் உருண்டை படத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது கிராஃப்ட் யார்ன் கவுன்சில்ங்கற அமெரிக்க நூல் தொழில் அமைப்போட அளவுமுறை, 0ல இருந்து 7 வரைக்கும் போகும். 5ன்னா பல்க்கி, அதாவது சரியான சங்கி, ஸ்டாக்கினெட்ல (முன்பக்கம் முழுக்க நிட் ஸ்டிச் தெரியற சாதாரண பின்னல்) 10 செ.மீ.க்கு 12ல இருந்து 15 ஸ்டிச், ஊசி 5.5 மி.மீ.ல இருந்து 8 மி.மீ. வரைக்கும். 6ன்னா சூப்பர் பல்க்கி, 7ல இருந்து 11 ஸ்டிச், ஊசி 8ல இருந்து 12.75 மி.மீ. 7 ஜம்போ, 6 ஸ்டிச்சோ அதுக்கும் கீழயோ. பேச்சுல இந்த மூணையுமே எல்லாரும் சங்கின்னு தான் சொல்றாங்க, அங்க தான் குழப்பமே ஆரம்பிக்குது, 5ம் நம்பர் பேட்டர்னுக்கு 6ம் நம்பர் நூலை எடுத்துட்டு அது எப்படியாவது பொருந்திடும்னு நினைக்கக் கூடாது. முதல் ஸ்வெட்டர்னா நான் 5 தான் எடுக்கச் சொல்வேன். உடம்புல போட்டா நல்லா விழும், கைமணிக்கட்டும் தப்பிக்கும், 12 மி.மீ. ஊசியை ராத்திரி முழுக்க ஆட்டறது சாதாரண வேலை இல்லைங்க.

நம்பரை விட முக்கியமா பார்க்க வேண்டியது 100 கிராமுக்கு எத்தனை மீட்டர்ங்கறது. ரெண்டு நூலுமே 5ம் நம்பரா இருக்கும், ஒண்ணு 100 கிராமுக்கு 80 மீட்டர், இன்னொண்ணு 120 மீட்டர். அந்த 120 மீட்டர் நூலுக்குள்ள காத்து நிறைய இருக்குன்னு அர்த்தம், அதே தடிமன், ஆனா ஸ்வெட்டர் முடியும்போது எடை நல்லா குறைஞ்சிருக்கும். சங்கி உடுப்புல எடை தான் பெரிய எதிரி. முழு எடையும் தோள்ல தொங்குது, தொங்கத் தொங்க நீளுது, கழுத்து அகலமாகுது, மணிக்கட்டோட நின்ன ஸ்லீவ் விரலை மூடிடுது. அதனால சங்கின்னா எப்பவும் லேசான நூல் பக்கமே போங்க.

இந்த எடை விஷயத்தை வச்சே பருத்தியை நான் தவிர்க்கச் சொல்வேன். பருத்தி கனம், இழுத்தா திரும்பி வர்ற குணம் அதுக்கு இல்ல, தடிமனான பருத்தி நூல்ல முழுக்கை ஸ்வெட்டர் போட்டா சாயங்காலத்துக்குள்ள அது வேற அளவு. பை, தரைவிரிப்புக்கு அருமையான நூல் அது, உடுப்புக்கு வேண்டாம். அக்ரிலிக் லேசா இருக்கும், துவைக்கறதும் சுலபம், தைரியமா எடுக்கலாம், ஆனா அயர்ன் பாக்ஸையும் அதோட ஆவியையும் பக்கத்துல கொண்டு போகாதீங்க, சூடு பட்டா அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து தொய்ஞ்சிடும், அதைத் திரும்பக் கொண்டு வர வழியே கிடையாது. வெல்வெட் மாதிரி மினுமினுன்னு இருக்கற தடி செனில் நூல் கடையில தொட்டா விடவே மனசு வராது, ஆனா லூஸா பின்னினா துணிக்கு நடுவுல இருந்து குட்டிக் குட்டி லூப் தானா வெளிய தலைநீட்டும், முதல் உடுப்புக்கு அது வேண்டாம்.

கம்பளில தான் நிறைய யோசிக்கணும். ஒரே புரியா, முறுக்கே இல்லாம, தலையணைப் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கற நூல் இருக்கு பாருங்க, போட்டோல அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா நாரைப் பிடிச்சு வைக்க முறுக்கு இல்லாததால அக்குள், பக்கவாட்டு, பை மாட்டற தோள்னு உரசற இடத்துல எல்லாம் சீக்கிரமே பில்லிங், அதாவது குட்டிக் குட்டி நார் உருண்டை, வந்துடும். கையாலேயே பின்னற ராட்சச போர்வைக்கு விக்கற, நூலாவே திரிக்காத மெரினோ பட்டையை உடுப்புக்கு எடுக்கவே எடுக்காதீங்க. மூணு நாலு புரி சேர்த்து முறுக்கினது தான் நாள்பட நிக்கும், ஸ்டிச்சும் தெளிவா தெரியும், கயிறு முறுக்கின மாதிரி வர்ற கேபிள் டிசைன் போட்டா எடுப்பா எழும்பும். ஒற்றைப் புரி தான் வேணும்னு மனசு அடிச்சுக்கிட்டா லேபிள்ல சொல்ற ஊசியை விட ஒரு சைஸ் சின்னதுல கொஞ்சம் இறுக்கமா பின்னுங்க, நார் அவ்வளவு சீக்கிரம் வெளிய வராது. ஐஸ்லாந்து லோப்பி நூல் இந்த விஷயத்துல தனி ரகம், அந்த ஆட்டோட ரோமத்துல நீளமான வெளி நாரும் மெத்துன்னு உள் நாரும் ரெண்டும் இருக்கறதால லேசாவும் இருக்கும் உறுதியாவும் இருக்கும், அதுல தடி ரகமான அலாஃபோஸ்லோப்பி 100 கிராமுக்கு 100 மீட்டர். கழுத்துல நேரா பட்டா சிலருக்குக் குத்தும், உள்ள ஒரு சட்டை போட்டுக்கணும். குத்தறதுக்கு காரணம் நாரோட தடிமன் தான், 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல இருக்கற நார் தோல்ல வளையாம நேரா குத்தி நிக்குது. வாங்கறதுக்கு முன்னாடி உருண்டையை விரல்ல தொட்டுப் பார்த்தா பத்தாது, விரல் தோல் தடிச்சது, கழுத்துப் பக்கம் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க.

சூப்பர்வாஷ்னு போட்டிருந்தா கவனமா இருங்க. கம்பளி நாரோட மேல இருக்கற செதிலை நீக்கியோ மேல ரெசின் பூசியோ தான் மெஷின்ல துவைக்கற மாதிரி ஆக்கறாங்க, அதனால நார் ஒண்ணையொண்ணு பிடிக்காம வழுக்குது, தண்ணில நனைஞ்ச உடனே துணி நல்லா பெருகும். கெட்ட நூல்னு சொல்லல, ஆனா துவைக்காத ஸ்வாட்சை வச்சு சூப்பர்வாஷ் ஸ்வெட்டர் ஆரம்பிக்கவே கூடாது.

பிடிச்ச சங்கி கிடைக்கலன்னா மெல்லிசு நூலை ரெட்டையா பிடிச்சு பின்னலாம், லோப்பிலயே மெல்லிசான லெட்லோப்பி ரெண்டு இழை சேர்த்தா அலாஃபோஸ்லோப்பி அளவுக்கு வந்துடும். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச வழி, ரெண்டு நிறம் கலந்தும் பிடிக்கலாம்.

இதுல எதை எடுத்தாலும் ஒரே ஒரு உருண்டை மட்டும் முதல்ல வாங்குங்க. ஸ்வெட்டருக்கு வேணும்கற மொத்த நூலையும் வாங்கிட்டு அப்புறம் ஸ்வாட்ச் போட்டா, அந்தத் துணி பிடிக்கலன்னாலும் மனசு அதை ஒத்துக்காது, சரி பரவாயில்லன்னு ஆரம்பிச்சிடுவோம்.

ஸ்வாட்ச் எவ்வளவு பெருசுன்னா, 10 செ.மீ. துண்டு சங்கிக்கு பத்தவே பத்தாது. அதுல 12 ஸ்டிச் தான் இருக்கும், ஓரத்துல ரெண்டு பக்கமும் ஸ்டிச் இழுத்துக்கிட்டு நிக்கும், அதைக் கழிச்சா எண்ணறதுக்கு என்ன மிஞ்சும்? குறைஞ்சது 20 செ.மீ. அகலம் 20 செ.மீ. உயரம் போடுங்க, நடுவுல 15 செ.மீ. அளந்து எண்ணி வகுத்துக்கங்க, 15 செ.மீ.ல பதினேழரை ஸ்டிச்னா 10 செ.மீ.க்கு 11.7, அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணை முழுசாக்காம அப்படியே வச்சுக்கங்க. ஸ்வெட்டரை வட்டமா பின்னப் போறீங்கன்னா ஸ்வாட்சும் வட்டமா தான், ஏன்னா நிறைய பேருக்கு பின்பக்கத்துல போடற பர்ல் வரிசை முன்பக்கத்து நிட் வரிசையை விட லூஸா வரும், போய் வந்து பின்னின துண்டு வேற கேஜ் காட்டும். ஊசியும் அதே ஊசி, மூங்கில் நூலைப் பிடிச்சு வைக்கும், மெட்டல் வழுக்கிவிடும், அளவு ஒண்ணா இருந்தாலும் கேஜ் மாறும். உடுப்பு முழுக்க கேபிள்னா ஸ்வாட்சும் கேபிள்ல போடுங்க, கேபிள் அகலத்தை உள்ள இழுக்கும்.

பின்னி முடிச்சதும் அளந்து எழுதி வச்சுட்டு, ஸ்வெட்டரை எப்படி துவைப்பீங்களோ அப்படியே ஸ்வாட்சைத் துவைங்க. கையால துவைக்கறதா இருந்தா தண்ணில இருபது நிமிஷம் ஊறட்டும், டவல்ல சுருட்டி அமுக்கி, படுக்க வச்சு காய விடுங்க. சங்கி காயறதுக்கு நேரம் எடுக்கும், மேல காஞ்ச மாதிரி இருக்கும் உள்ள ஈரம் இருக்கும், அவசரப்பட்டு அளக்காதீங்க. திரும்ப அளந்ததுக்கு அப்புறம் நிறைய பேர் விட்டுடற ஒரு வேலை இருக்கு, கீழ் ஓரத்துல துணி கிளிப் நாலஞ்சு மாட்டி ராத்திரி முழுக்க தொங்க விடுங்க. காலைல உயரம் எவ்வளவு மாறியிருக்குன்னு பாருங்க. 10 செ.மீ.க்கு 16 வரிசை இருந்தது 15 ஆயிருந்தா, 60 செ.மீ. நீளத்துக்குப் பின்ன வேண்டிய 96 வரிசை போட்டுக்கிட்டு நடக்கும்போது 64 செ.மீ. காட்டும், அப்போ முன்கூட்டியே ஆறு வரிசை குறைச்சுக்கலாம். ராக்லான் (கழுத்துல இருந்து அக்குளுக்கு சாய்வா இறங்கற தோள்), யோக் (கழுத்தைச் சுத்தி வட்டமா வர்ற தோள் பகுதி) மாதிரி மேல இருந்து வரிசைக் கணக்குல இறங்கற டிசைனுக்கு இது உயிர், அங்க வரிசை கேஜ் தப்பினா அக்குள் இடுப்பை நோக்கி இறங்கிடும், பாதில சரிபண்ணவும் முடியாது.

அதே துண்டை ரெண்டா மடிச்சு ஒண்ணோட ஒண்ணு நல்லா தேயுங்க, பில்லிங் எழும்புதான்னு அங்கயே தெரிஞ்சிடும். கழுத்துல சுத்தி வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் வேற வேலை பாருங்க. கைல பிடிச்சு மடிச்சுப் பாருங்க, அட்டை மாதிரி விறைப்பா நின்னா ஊசி சின்னது, வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை ஓட்டையா தெரிஞ்சா ஊசி பெருசு. கேஜ் சரியா வந்தும் துணி பிடிக்கலன்னா நூலை மாத்துங்க, மனசைத் தேத்திக்கிட்டு அதையே பின்னாதீங்க.

எவ்வளவு நூல் வேணும்ங்கறதையும் அந்தத் துண்டே சொல்லும். நல்லா காஞ்சதும் சின்ன தராசுல எடை போடுங்க. 20க்கு 20 துண்டு, அதாவது 400 சதுர செ.மீ., 24 கிராம்னு வச்சுக்கங்க. உடம்பு 100 செ.மீ. சுற்று 60 நீளம், 6000. ஸ்லீவ் ஒண்ணு சராசரி 34 அகலம் 45 நீளம், ரெண்டும் சேர்ந்து 3060. கழுத்துப் பட்டி, ஓரத்துல வர்ற இழுபடற ரிப் பட்டைக்கு சேர்த்து சுமார் 10,000 சதுர செ.மீ., அப்போ 600 கிராம். அதுக்கு மேல ஒரு உருண்டை கூடுதலா, எல்லாமே ஒரே டை லாட்ல, அதாவது ஒரே தடவையில சாயம் போட்டதுல. ஒரே லாட்டா இருந்தாலும் கைச்சாய நூல்னா ரெண்டு உருண்டையை மாத்தி மாத்தி ரெண்டு வரிசை பின்னுங்க, பெரிய ஸ்டிச்ல நிற வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

சைஸ் தேர்ந்தெடுக்கும்போது துணியோட தடிமனையும் சேர்த்துக்கங்க. ஒரு செ.மீ. தடிமன் துணின்னா வெளிய 100 செ.மீ. சுத்தற ஸ்வெட்டருக்கு உள்ள 94 தான் இருக்கும். உடம்பளவுக்கு மேல 12, 15 செ.மீ. விட்டா தான் கையைத் தூக்க வசதியா இருக்கும்னு நான் சொல்வேன், மெல்லிசு ஸ்வெட்டருக்கு விடற 5 செ.மீ. மட்டும் விட்டா இது உடம்பை இறுக்கிப் பிடிக்கும்.

கடைசியா ஒண்ணு, இந்தப் பெரிய ஊசில அளவுகள் 7, 8, 9, 10, அப்புறம் நேரா 12ன்னு தாவித் தாவி போறதால, ஒரு ஊசில 11 ஸ்டிச்சும் அடுத்த சின்ன ஊசில 12.5ம் வந்து, பேட்டர்ன் கேட்கற 12 எதுலயும் மாட்டாமலே போகலாம். அப்போ எந்த ஊசில துணி நல்லா இருக்கோ அதையே வச்சுக்கங்க. 11 தான் உங்களுக்குப் பிடிச்ச துணின்னா 100 செ.மீ.க்கு 110 ஸ்டிச் வேணும், பேட்டர்ன்ல எந்த சைஸ் மார்புல 110க்கு கிட்ட ஸ்டிச் சொல்லுதோ அந்தச் சின்ன சைஸோட ஸ்டிச் எண்ணிக்கையைப் பின்பற்றுங்க, நீளத்தை மட்டும் உங்க உண்மையான சைஸுக்கு சொல்லியிருக்கற செ.மீ.படி டேப் வச்சு அளந்து பின்னுங்க.