வண்டி குலுங்கினால் காயில்தானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இக்னிஷன் காயில் பற்றியவை. பேட்டரி மின்சாரத்தின் வோல்டேஜை ஏற்றி, ஸ்பார்க் பிளக்கில் பொறி விழவைப்பது அதுதான். பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு அறிகுறி வேண்டாம். வழக்கமான பாட்டை முதலில் பாடிவிடுகிறேன். எஞ்சின் ஆறட்டும். ஸ்கேனரில் தெரியும் கோட் எண்ணை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். காயில் விடுவது 20,000, 30,000 வோல்ட். எஞ்சின் ஓடும்போது அதைப் பிடுங்கிப் பார்க்கிற வீரம் யாருக்கும் வேண்டாம்.

அல்சூர்: ஆல்டோ கே10, மூன்று சிலிண்டர், 85,000 கிலோமீட்டர். ஸ்கேனரில் பி0302 வருகிறது. மூன்று காயிலையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். மூன்றும் வேண்டுமா?

கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும். வண்டி, கிலோமீட்டர், கோட், எல்லாம் இருக்கிறது.

மூன்றும் வேண்டாம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். காயில் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. மூன்று சிலிண்டரில் இரண்டாவது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில்தான், அந்த மட்டில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நடுக் காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஆளுக்கொரு 10 எம்எம் போல்ட், ஒரு கனெக்டர். கனெக்டரின் பூட்டை அமுக்கிவிட்டு இழுங்கள். சூட்டில் வெந்த பிளாஸ்டிக், முரட்டுத்தனம் காட்டினால் உடையும். காயிலை லேசாகத் திருகிவிட்டு நேராகத் தூக்குங்கள். பிறகு ஸ்கேனரில் பழைய கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. அப்போதும் பி0302 என்றே வந்தால் பிளக், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், வயரிங் பக்கம் போங்கள்.

ஒரு காயில் வாங்கினால் போதும். ஆனால் பிளக் மூன்றையும் மாற்றுங்கள். சாதாரண நிக்கல் பிளக் 40,000 கிலோமீட்டர் தாண்டினால் முனை தேய்ந்து இடைவெளி அகலும். அதைத் தாண்டிப் பொறி விழ காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டும். தந்து தந்துதான் அதன் இன்சுலேஷன் போகிறது. தேய்ந்த பிளக் மேல் புதுக் காயிலை உட்காரவைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

ராஜாஜி நகர்: டீசல் ஸ்விஃப்டில் இக்னிஷன் காயில் எங்கே இருக்கிறது?

இல்லை. தேடாதீர்கள். டீசல், அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே எரியும். அதில் இருப்பது, குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக், அது வேறு கதை.

மாரத்தஹள்ளி: வண்டி ஜெர்க் அடிக்கிறது சார். காயிலா? அவசரம்.

எந்த வண்டி? எத்தனை வயது? பெட்ரோலா, சிஎன்ஜியா? காலையில் மட்டுமா, மேடு ஏறும்போதா, ஏசி போட்டாலா? செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? டாக்டருக்கு போன் போட்டு “வலிக்குது” என்று சொல்லி வைத்துவிட்டால் அவர் என்ன மாத்திரை எழுதுவார்? மறுபடி எழுதுங்கள், இந்த முறை வண்டியின் பேரோடு.

ஒயிட்ஃபீல்ட்: ஞாயிறு அன்று பிரஷர் வாஷரில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவினேன். அப்போதிலிருந்து ஐடிலில் நடுங்குகிறது, இழுவையும் இல்லை. எந்த கம்பெனி காயில் வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். அந்த பிரஷர் வாஷரை முதலில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. எஞ்சின் என்ன வாசல் திண்ணையா, தண்ணீர் ஊற்றிக் கழுவ? பிளக் உட்கார்ந்திருப்பது ஆழமான குழியில். மேலே காயிலின் ரப்பர் மூடியிருக்கிறது. மேலிருந்து தெறிக்கும் மழைத் துளியை அது தாங்கும். அரை அடி தூரத்திலிருந்து பீய்ச்சினால் தாங்காது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது, குழியிலேயே நிற்கும். காயில் விடும் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல், ஈரத்தின் வழியே குழியின் சுவருக்குத் தாவிவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் நடுக்கம். நாலு நாள் அப்படியே ஓட்டினால், காயிலின் அடியில் பிளக் மேல் மாட்டும் பூட் ரப்பரிலும் பிளக்கின் பீங்கானிலும் தலைமுடி அளவுக்குக் கறுப்பாக ஒரு கோடு விழும். மின்சாரத்துக்கு அந்த வழி பழகிவிட்டால் பிறகு காய வைத்தும் பயனில்லை.

பல வருஷம் முன்பு என் வண்டியையே ஒரு சர்வீஸ் சென்டரில் எஞ்சின் பளபளக்கக் கழுவித் தந்தார்கள். பேர் வேண்டாம். வீடு வருவதற்குள் மூன்று சிலிண்டர் வண்டி இரண்டு சிலிண்டர் வண்டியாகிவிட்டது. மறுநாள் போய்க் கேட்டால் “காயில் போயிடுச்சு சார்” என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். நானே கழற்றிப் பார்த்தேன். நடுக் குழியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர். துடைத்துப் போட்டேன், அதே காயில் அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. அன்றிலிருந்து சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஜாப் கார்டில் “எஞ்சின் வாஷ் வேண்டாம்” என்று என் கையாலேயே எழுதுகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்களுக்கு இனி வேலை இதுதான். எஞ்சின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவ். எல்லாக் காயிலையும் கழற்றுங்கள். ஒரு கம்பியில் பருத்தித் துணி சுற்றிக் குழியை ஒற்றி எடுங்கள். மிச்சத்தை சைக்கிள் பம்பால் ஊதுங்கள். குழி காய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றவே கூடாது, தண்ணீரும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். காயில்களை இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பெங்களூர் வெயில் என்றால் மூன்று மணி நேரம். திரும்பப் பூட்டி ஓட்டுங்கள். நடுக்கம் நிற்கவில்லை என்றால் மட்டும் அந்தக் கறுப்புக் கோட்டைத் தேடுங்கள். இனி எஞ்சினைத் துடைக்க ஈரத்துணியும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் போதும்.

விவேக் நகர்: காயிலைக் கழற்றினால் அதன் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய். துடைத்துவிட்டுப் புதுசு போடலாமா?

போடலாம், மூன்று மாதத்தில் மறுபடி எனக்கு எழுதலாம். எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரின் கேஸ்கெட்டோ பிளக் குழியைச் சுற்றியுள்ள சீலோ கசிகிறது. அதை முதலில் மாற்றுங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். பூட் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றினாலே சில நேரம் சரியாகிவிடும்.

பெல்லந்தூர்: காயிலில் மூன்று பின் இருக்கிறது. மல்டிமீட்டரில் எப்படி வைத்தாலும் புத்தகத்தில் சொன்ன ஓம்ஸ் (மின்தடை அளவு) வரவில்லை. செத்துவிட்டதா?

அதற்குள்ளேயே இக்னைட்டர், அதாவது காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சர்க்யூட், இருக்கிறது. ஓம்ஸ் கணக்கு இரண்டு பின் காயிலுக்குத்தான். மேலே அல்சூர்க்காரருக்குச் சொன்ன மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள்.

கே.ஆர். புரம்: ஒரு காயில் போய்விட்டது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. தீபாவளிக்கு சேலம் போய் வந்து மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. விளக்கு நிலையாக எரிந்தால் கவனி என்று அர்த்தம், கண் சிமிட்டினால் நிறுத்து என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உருகினால் செலவு பல காயில்களின் விலை. கன்வெர்ட்டர் பிழைத்தாலும், திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் குடும்பத்தோடு ஒரு சிலிண்டர் குறைவாக ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பேசாமல் பஸ்ஸில் போங்கள்.

ஸ்ரீராமபுரம்: ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒரே காயில் 600க்கும் இருக்கிறது, 2,000க்கும் இருக்கிறது. டப்பா ஒரே மாதிரிதான்.

டப்பாவா பொறி விடப்போகிறது? பழைய காயிலைக் கையில் கொண்டுபோய், அதன் மேல் அச்சடித்த பார்ட் நம்பரைப் புதிதோடு ஒப்பிடுங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

ஹெச்.ஏ.எல்.: பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்?

சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதை மறக்காதீர்கள். ஆறிய எஞ்சினில், கையாலேயே அடிவரை திருகுங்கள். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் அதன்பின் ஸ்பேனரில் அரைச் சுற்று. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் சுமார் 20 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், வழுக்கி அதிகம் இறுகிவிடும்.

கம்மனஹள்ளி: கழற்றிய பழைய காயிலை ஸ்பேராக டிக்கியில் வைத்திருக்கிறேன். நல்லதுதானே?

அது செத்த காயில் சார்.