மணல் ஊத்தா, ஆர்.ஓ. இயந்திரமா? கடலோரக் குடியிருப்பிலிருந்து ஒரு கேள்வி

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு மீனவக் குடியிருப்பிலிருந்து, மகளிர் குழுத் தலைவி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம்:

“எங்கள் ஊரில் நூற்றைம்பது வீடுகள். ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், நாங்கள் கடற்பாசி எடுக்கப் போகிறோம். காவிரித் தண்ணீர் குழாயில் வாரம் ஒருமுறை வந்தால் பெரிது. தலைமுறை தலைமுறையாக மணல்மேட்டில் ஊத்து தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடித்து வந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே ஆழமாக உறை இறக்கி மோட்டார் போட்டோம். ஆறே மாதத்தில் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது ஒரு நிறுவனம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? என் மகன் வாங்கி வந்த டிடிஎஸ் மீட்டரில் மோட்டார் தண்ணீர் 2,600 காட்டுகிறது, தள்ளியிருக்கும் பழைய ஊத்து 420 காட்டுகிறது. 420 என்றால் அப்படியே குடிக்கலாம்தானே? மழை முடிந்ததும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, அது எதனால்?”

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உயிரைப் பறிக்கக் கூடியது அதுதான்.

டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் அளக்கும். கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. 420 காட்டுகிற தண்ணீரில் மலக்கிருமி நிறைந்திருக்கலாம், அப்போதும் மீட்டர் 420தான் காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமிக்கு அப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உப்பு, கிருமி இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள், மருந்தும் தனித்தனி. இந்தக் கடற்கரையில் நாக்கில் கரிக்காத தண்ணீர் கிடைத்துவிட்டாலே நிம்மதியாகிவிடுகிறோம். வயிற்றுப்போக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

மழை முடிந்ததும் ஏன் வருகிறது என்றால், அப்போது மணலுக்குள் நீர்மட்டம் மேலே ஏறுகிறது. கழிப்பறைக் குழியின் அடிப்பாகம் அந்த நீரைத் தொட்டுவிடுகிறது. கரைந்த அசுத்தம் மணல் வழியே ஊத்து வரைக்கும் நகர்கிறது. ஆடு மாடு நடமாட்டமும், வாளியும் கயிறும் தரையில் கிடப்பதும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. குடிக்கிற ஊத்துக்கும் கழிப்பறைக் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். உங்கள் ஊர் மாதிரி மணல் தரையில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லது. எந்த வீட்டுக் குழி ஊத்துக்கு மேட்டுப் பக்கம் இருக்கிறது என்று குழுவாக ஒருமுறை நடந்து பாருங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க எச்2எஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குப்பி, அடியில் மருந்து தோய்ந்த காகிதத் துண்டு. குறித்த கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, ஒரு நாள் ஓர் ஓரமாக வைத்துவிட வேண்டும். தண்ணீர் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். 48 மணி நேரம் வரை பார்க்கலாம். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பெட்டி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்களே பார்த்துக் கறுத்த குப்பிக்கு இருக்கும் பலம், அதிகாரியிடம் பேசும்போது வேறு எதற்கும் இருக்காது.

கிருமிக்கு வழி எளிது. கொதிக்க வைக்கலாம், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகுக்கும் கேஸுக்கும் கட்டுப்படியாகாது என்றால் குளோரின். சிமெண்ட் தொட்டியிலோ சின்டெக்ஸ் தொட்டியிலோ சேர்த்து வைக்கும் தண்ணீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடரில் தொடங்குங்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைக் கருவியில் பாருங்கள். தொட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால், வீட்டுக் குடத்துக்கு வரும்போது 0.2 மிஞ்சும். அந்த 0.2 இருக்கும்வரை குடத்துக்குள் கைபட்டாலும் தண்ணீருக்கு ஒரு காவல் உண்டு. எண் குறைந்தால் பவுடரைக் கூட்டுங்கள். ஊத்துக் குழிக்குள்ளேயே பவுடரைக் கொட்டுவது வீண். புதுத்தண்ணீர் ஊற ஊற மருந்து கரைந்து காணாமல் போய்விடும். குடத்தில் நேரே எடுக்கும் வீடுகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளோரின் மாத்திரை கேளுங்கள், அட்டையில் போட்ட அளவுப்படி பயன்படுத்துங்கள். இன்னொன்று: கடற்காற்றில் திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கட்டி தட்டி, நெடி குறைந்து கிடக்கும் மூட்டையில் 5 கிராம் போட்டாலும் பயன் இல்லை. இறுக்கி மூடிய டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். மோட்டார் போட்டதும் தண்ணீர் ஏன் கரித்தது என்பது புரிந்துவிட்டால், ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் மணல்மேட்டில் பெய்யும் மழை நேரே உள்ளே இறங்குகிறது. கீழே மணலுக்குள் கடல்நீர் ஏற்கெனவே நிற்கிறது. மழைநீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூடுதல், அதனால் நல்ல தண்ணீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அதன் கனம் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓட விட்டு மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 20 அடி மேலே ஏறப் பார்க்கும், அதுவும் நேராக மோட்டார்க் குழாய்க்குக் கீழே குவிந்து ஏறும். ஆழமாக உறை இறக்கியதால் பாதித் தூரத்தை நாமே குறைத்துக் கொடுத்துவிட்டோம். தரைக்குள் களிமண் குறுக்கே இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் நடப்பது இதுதான்.

சிரட்டையால் அள்ளும்போது உங்கள் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். முழங்கால் ஆழக் குழி. ஊறியதை மட்டும் அள்ளுவார்கள். வற்றினால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் தள்ளிப் போய் இன்னொரு குழி தோண்டுவார்கள். மேல்மட்டத்தை எங்கேயும் இறக்காமல், மிதக்கும் தண்ணீரின் மேலாடையை மட்டும் எடுக்கும் முறை அது. தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல் நெருங்கி நிற்கிற மணலிலும் மீனவர்கள் இப்படித்தான் குடிநீர் எடுத்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரையின் பூர்வகுடிகள் கையில் இருக்கும் அறிவு இது. திட்டம் போடுகிறவர்கள் இதை ஏழ்மையின் அடையாளமாகப் பார்த்து ஒதுக்கும்போது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

அதற்காக நீங்கள் காலம் முழுக்கக் குனிந்து அள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பாசி எடுத்துவிட்டு இடுப்பொடிய வந்து ஒரு குடத்துக்காக ஒரு மணி நேரம் உட்காருவது எந்தப் பெண்ணுக்கும் விதிக்கப்பட்டதல்ல. மேலாடையை எடுக்கும் அதே முறையை, கை நோகாமல் செய்ய வழி இருக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, துளையிட்ட பிவிசி குழாய்களைக் கூழாங்கல் சுற்றிப் படுக்கை வசத்தில் புதைத்து, நடுவில் மூடி போட்ட ஆழமில்லாத உறைகிணற்றில் சேர்க்கலாம். பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வரும். அதில் கைப்பம்போ, அரை குதிரைத்திறனுக்கு மேற்படாத சின்ன மோட்டாரோ போதும். மட்டம் ஒரு சாண் இறங்கினாலே தானாக நிற்கும்படி மிதவை சுவிட்ச் வைக்க வேண்டும். உங்கள் மகனின் டிடிஎஸ் மீட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான்: தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். 420 என்பது 600ஐத் தாண்டினால் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். இப்போதுள்ள ஆழ மோட்டாரை நிறுத்திவிடுங்கள். ஓரிரு நல்ல மழைக்காலம் கிடைத்தால் அங்கேயும் உப்பு மெல்லக் கீழே இறங்கலாம்.

மணல்மேட்டில் மண் அள்ள யாரையும் விடாதீர்கள், மேடு தாழ்ந்தால் தண்ணீரும் தாழும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதைத் தடுக்கிறது. அங்கே வாழும் மக்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. இறால் பண்ணைகள் குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டு விதி இருக்கிறது. பக்கத்தில் பண்ணையோ விடுதியோ வரப்போகிறது என்று காதில் விழுந்தால் இந்த இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டக் கடற்கரைக்கு அது புதிதும் அல்ல. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையமே அமைக்கப்பட்டது. நல்ல தண்ணீர் முழுக்கப் போய்விட்ட ஊர்களுக்கு அது தேவை. ஆனால் உங்களிடம் 420 இன்னும் மிஞ்சியிருக்கிறது. நூறு குடம் குடிநீர் தர ஆர்.ஓ. இயந்திரம் ஏறக்குறைய இருநூறு குடம் இழுக்கும், மீதி நூறு குடத்தை இருமடங்கு உப்போடு வெளியே தள்ளும். அந்தக் கழிவு மணலில் இறங்கினால் பழைய ஊத்தும் போய்விடும். இலவசமாகத் தருகிறவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். தண்ணீரை எங்கிருந்து எடுப்பீர்கள்? மணல்மேட்டிலிருந்து என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊருக்கு உள்பக்கம் ஏற்கெனவே உவராக இருக்கும் போரிலிருந்து என்றால் பேசலாம். கழிவுநீர் எங்கே போகும்? சில வருடத்தில் உப்பை வடிக்கும் மெம்பிரேன் சவ்வை மாற்ற வேண்டி வரும்போது பணம் யார் கொடுப்பது? இயக்குபவருக்குச் சம்பளமும் மின்கட்டணமும் யார் பொறுப்பு? ஐந்து வருடப் பராமரிப்பை எழுத்தில் தராதவர்களிடம் இயந்திரத்தை வாங்காதீர்கள். துரு ஏறிய இயந்திரம் ஊருக்குள் நின்றால், “உங்களுக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே” என்ற பதிலும் அதோடு கூடவே நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் காவலும் இருக்காது என்பதால், பிடித்து வைக்கும் குடத்தின் சுத்தம் இன்னும் முக்கியம்.

இயந்திரத்துக்குப் பதில் அந்த நிறுவனத்திடம் மழைநீர்த் தொட்டி கேளுங்கள் என்பது என் யோசனை. 300 சதுர அடி மொட்டைமாடித் தளத்தில் 500 மி.மீ. மழை பெய்தால், சிதறல் போக 11,000 லிட்டர் சேர்க்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஐந்து பேருக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்தால், 5,000 லிட்டர்த் தொட்டி 200 நாள் வரும். தையில் தொடங்கினால் ஆடி வரை. ஓலைக்கூரை இதற்கு ஆகாது. கடல்காற்று கொண்டுவந்த உப்பு தளத்தில் படிந்திருக்கும், ஆகவே முதல் மழையை வெளியே விட்டு, மீட்டரில் 100க்குக் கீழே வந்தபின் தொட்டிக்குத் திருப்புங்கள். ஐப்பசி தொடங்கியதிலிருந்து அந்தத் தளத்தில் கருவாடு, பாசி, வலை எதையும் காயப்போடக் கூடாது. தொட்டிக்கும் குளோரின் உண்டு.

காவிரிக் குழாயை விட்டுவிடாதீர்கள். திருச்சி பக்கத்திலிருந்து வரும் குழாயின் கடைசி முனையில் இருக்கிறீர்கள், வழியில் ஒவ்வோர் உடைப்பும் உங்கள் குடத்தில்தான் குறையும். ஆனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் நிர்ணயித்த அளவு. கடல்சார் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்த 55 லிட்டருக்குப் பட்டியல் எதுவும் தேவையில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள். தண்ணீர் வந்த தேதிகளை மூன்று மாதம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு தீர்மானம் கேளுங்கள். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊருக்குள் யாரும் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்ச விடாதீர்கள், ஓட்டை வழியே சாக்கடையையும் அது சேர்த்து இழுக்கும். தண்ணீர் திறந்ததும் வரும் முதல் இரண்டு குடத்தைக் குடிக்க வைக்காதீர்கள்.

உப்பைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, கொதிக்கக் கொதிக்க உப்பு கூடத்தான் செய்யும். 2,600 காட்டும் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உப்புக் குடிநீரோடு கர்ப்பகால இரத்தக் கொதிப்பு கூடுவதைக் காட்டியிருக்கின்றன. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைக்கவும் அந்தத் தண்ணீர் ஆகாது. காவிரித் தண்ணீரையோ மழைநீரையோ கொதிக்க வைத்து ஆற்றி அதில் கரையுங்கள். கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையம் போய்விடுங்கள்.

பழைய ஊத்துத் தண்ணீரை ராமநாதபுரத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் வருடம் இருமுறை, கோடையிலும் மழை முடிந்த பிறகும் கொடுத்துப் பாருங்கள். உப்புச் சோதனைக்கு அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் கேன் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், உங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. முடிவுத் தாளில் நைட்ரேட் என்ற வரியை முதலில் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கழிப்பறைக் குழி ஊத்தோடு கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, குளோரினாலும் போக்க முடியாது. எண் இறங்கும்வரை கைக்குழந்தைக்குப் பால்மாவை அந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள்.