புதிதாக உருவாக்கிய அட்டவணையின் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு ஏன் வருகிறது?

உங்கள் அட்டவணை பத்திரமாக இருக்கிறது. அட்டவணையை உருவாக்கும் கிரியேட் டேபிள் கட்டளை பிழையின்றி ஓடியது, ஆனால் அடுத்த வரியில் அதே பெயரை எழுதியதும், கட்டளைகளை எழுதி ஓட்டும் மென்பொருளான எஸ்.எஸ்.எம்.எஸ். சிவப்பு நெளிகோடு போடுகிறது என்கிறீர்கள். அந்தக் கோட்டைப் போடுவது தரவை வைத்திருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் அல்ல, நீங்கள் எழுத எழுதப் பெயர்களைச் சரிபார்க்க உங்கள் கணினியில் இருக்கும் இன்டெலிசென்ஸ். அட்டவணைப் பெயர்களை முன்னரே சர்வரிடம் வாங்கி நினைவில் வைத்திருக்கிறது. பிறகு வந்த அட்டவணை அதற்குத் தெரியாது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அந்த நினைவு புதுப்பிக்கப்பட்டு கோடு மறைந்துவிடும். அட்டவணைகளைக் காட்டும் இடப்பக்க ஆப்ஜெக்ட் எக்ஸ்புளோரர் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, அதைத் தனியாக ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும்.

ஆளைத் திணறடிப்பது அந்த வாசகம்தான். சர்வர் 208 எண் பிழையில் சொல்லும் அதே ‘இன்வேலிட் ஆப்ஜெக்ட் நேம்’ (அப்படியொரு பெயர் இல்லை), கோட்டின்மேல் சுட்டியைக் கொண்டுபோனாலும் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பி கிரியேட் கட்டளையை மறுபடி ஓட்டினேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று 2714 பிழை வந்தது. ஏதோ அரைகுறையாக உருவாகிவிட்டது என முடிவுகட்டி, அட்டவணையையே அழிக்கும் டிராப் டேபிள் கட்டளையை எழுதிவிட்டேன், ஓட்டவில்லை. காலையிலிருந்து ஏற்றிய தரவெல்லாம் அதற்குள் இருந்தது. பின்னால் நின்ற மூத்தவர், “முதலில் ஒரு செலக்ட் ஓட்டிப் பாருங்கள்” என்றார். செலக்ட் என்பது தரவைப் படித்துக் காட்டும் கட்டளை. ஓட்டினேன். மேலே பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு அப்படியே இருக்க, கீழே வரிசை வரிசையாகத் தரவு வந்து நின்றது.

கோடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் இதையாவது சமாளிக்கலாம். நான் உண்மையில் அஞ்சுவது வியூக்களை, அதாவது பெயரிட்டுச் சேமித்து அட்டவணைபோலவே படிக்கும் செலக்ட் கட்டளைகளை. எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் ‘செலக்ட் ஸ்டார்’ என்று எழுதிய வியூ, உருவான நாளில் இருந்த நெடுவரிசைப் பெயர்களையே சர்வரில் பிடித்துவைத்திருக்கும். அட்டவணையின் கடைசியில் உள்ள கைபேசி எண்ணை நீக்கிவிட்டு மின்னஞ்சலைச் சேர்த்துப் பாருங்கள்: வியூவில் கைபேசி என்ற தலைப்பின்கீழ் மின்னஞ்சல் முகவரிகள் வரும். பிழையும் வராது, கோடும் வராது. இதற்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் உதவாது. வியூ பிடித்துவைத்த பெயர்களைப் புதுப்பிக்கும் எஸ்பி_ரிஃப்ரெஷ்வியூ ஓட்ட வேண்டும். வியூ எழுதும்போதே நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு, நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.