கரு வளர்ப்புத் தட்டில் பாக்டீரியா என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

சோதனைக்குழாய் (ஐவிஎஃப்) சிகிச்சைக்காக முட்டை எடுத்த மறுநாளே ஆய்வகத்திலிருந்து அழைத்துத் தட்டில் பாக்டீரியா என்றார்கள், நீங்கள் சுத்தமாக இல்லாததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார், என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, சகோதரி. இந்தத் தொற்று பெரும்பாலும் விந்து மாதிரியிலிருந்து வருகிறது. முட்டை எடுக்கும் ஊசி பிறப்புறுப்பு வழியாகப் போவதால் அங்கிருந்தும் சில நேரம் வரும். இரண்டு இடத்திலும் கிருமி இருப்பது உடலின் இயல்பு.

வளர்ப்புத் திரவத்தில் பொதுவாக ஜென்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். அதற்கு அடங்காத ஈகோலை என்னும் பாக்டீரியா வந்தால் பயனில்லை. கேண்டிடா பூஞ்சையை அது தொடவே தொடாது. 37 டிகிரி சூட்டில், சத்துள்ள திரவத்தில், விந்தோடு முட்டையை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் காலையில் திரவம் கலங்கியிருக்கும்.

திரவம் கலங்கியதால் கரு செத்துவிட்டது என்று ஆகாது. கருவைச் சுற்றியுள்ள ஜோனா என்னும் உறை ஓரளவு காக்கும். கருவைப் புதுத் துளிகளில் ஒன்று மாற்றி ஒன்றாகப் பலமுறை அலசி, கருவை எடுக்கும் பிப்பெட் குழாயையும் மாற்றி, புதுத் தட்டில் வைத்து, சில மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மீண்டும் கலங்கினால் ஐந்தாம் நாள்வரை காத்திருக்காமல் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே கருப்பையில் வைப்பதா, உறையவைப்பதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறையில் லேசர் துளை போடும் திட்டம் இருந்தால் அதையும் நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். அடுத்த சிகிச்சைச் சுற்றுக்கு முன் இருவரும் சோதித்து, தேவைப்பட்டால் மருந்து எடுங்கள். கணவர் சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் சோப்பால் கழுவி, சோப்பு மிஞ்சாமல் அலசித் துடைத்த பிறகே மாதிரி தர வேண்டும். எச்சில், எண்ணெய் கூடாது. டப்பாவின் உட்புறத்தைத் தொடவும் கூடாது.

அதோடு இக்சி என்னும் கருத்தரிப்பு முறையைக் கேளுங்கள். அதில் முட்டையைச் சுற்றிய செல்களை நீக்கி, கழுவிய ஒரே ஒரு விந்தணுவை உள்ளே செலுத்துவதால் தொற்று வெகு அரிது. எல்லோருக்கும் இக்சி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை இப்படி ஆனவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

செலவு விஷயத்தில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி, இரண்டாவதற்கு 5,000, அதன்பின் 4,000 வரைதான் எடுக்கலாம். தட்டில் கிருமி வந்து ஒரு சுற்றை இழந்தவருக்குத்தானே அடுத்த முறை கூடுதலாக வேண்டும்? அவருக்கே குறைகிறது.