மாமனார் ஏன் மூன்று வாளி ஊற்றுகிறார்?

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. போன வருடம் சர்க்கரை வந்ததிலிருந்து சாப்பிட்டால் வயிறு உப்புசம். மருந்துக் கடையில் கேட்டு ஆறு மாதமாகச் செரிமான டானிக் இரண்டு மூடி கொடுக்கிறேன். பழகிவிடுமா? மூன்றாகக் கூட்டலாமா? மனிதருக்குப் பிடிவாதம் வேறு. கக்கூஸ் போனால் மூன்று வாளித் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் வருகிறார். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எல்லாம் நான்தான் பார்க்கிறேன்.
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மூடிக் கணக்கு அப்புறம். மூன்று வாளி எதற்கு என்று அந்த வீட்டில் யாராவது கேட்டீர்களா?

கொழுப்பு செரிக்காமல் வெளியேறினால் மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். ஒரு வாளிக்குப் போகாது. அடுத்து உள்ளே வரும் மருமகள் பார்த்துவிடக் கூடாதே என்று மனிதர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் அதைப் பிடிவாதம் என்கிறீர்கள்.

அதோடு நழுவுகிற வேட்டியையும் புதிதாக வந்த சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். கணையத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்சுலினும் அங்கேதான், கொழுப்பைச் செரிக்கும் லைபேஸும் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. நாள்பட்ட கணைய அழற்சியாக இருக்கலாம். இந்த வயதில் கட்டி இல்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் எழுத மாட்டேன். ஸ்கேன் எடுப்பார்கள். மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனையும் உண்டு. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையச் சுரப்பு போதவில்லையோ என்று பார்ப்பார்கள்.

கடை டானிக்கில் பெரும்பாலும் இருப்பது டயஸ்டேஸ், பெப்சின், பப்பாளிப் பாலின் பப்பேன். சோறும் பருப்பும் அவற்றின் வேலை, எண்ணெய் இல்லை. மூடியைக் கூட்டி என்ன பயன்? இனிப்புப் பாகு வேறு. அகார்போஸ், வோக்லிபோஸ் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கட்டும் என்று கொடுப்பது அது. அதிலேயே வாயு சேரும். மேலே டயஸ்டேஸை ஊற்றினால் மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், டானிக் ஒரு பக்கம் இழுக்கும்.

கணையக் குறைதான் என்றால் டாக்டர் என்சைம் கேப்சூல் எழுதுவார். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி, ஞாபகம் வந்து கொடுக்கிற மருந்தல்ல அது. முதல் கவளத்தோடு உள்ளே போக வேண்டும். மெல்லக் கூடாது, இடிக்கக் கூடாது, வாய் புண்ணாகிவிடும். சூடான காபியில் கலக்கவும் கூடாது. பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. உங்கள் வீடு சைவமோ என்னவோ, அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பெரியவர்களுக்கு மறைத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

சரி, உங்கள் கணவர். இந்த விஷயத்தை மாமனார் மருமகளிடம் சொல்ல மாட்டார். பெற்ற மகன் கேட்க வேண்டிய கேள்வி இது. அப்பா பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார விடாத ஷிப்ட் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைத் தப்பவிட்டிருக்கிறீர்கள். அது உங்கள் தப்பு.

அரசு தலைமை மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மேற்கொண்டு பார்க்கச் சொன்னால் புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது. டானிக் பாட்டிலையும் சர்க்கரை மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போகட்டும். கணவருக்கு வார லீவு என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிறு என்றால், திங்கட்கிழமையும் ஒரு லீவு போடச் சொல்லுங்கள்.