சிறிய சிப்பில் எந்த ஏ.டி.சி.?

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காக, பேட்டரியில் இயங்கும் உணரிச் சிப் ஒன்றை வடிவமைக்கிறேன். 10 பிட் துல்லியத்தில் வினாடிக்கு 1 லட்சம் மாதிரிகள் எடுக்க வேண்டும். இடமும் மின்சாரமும் மிகக் குறைவு. ஃபிளாஷ், சிக்மா-டெல்டா, எஸ்.ஏ.ஆர். ஆகியவற்றுள் எந்த வகை ஏ.டி.சி. (அனலாக் சிக்னலை டிஜிட்டல் எண்ணாக மாற்றும் சுற்று) பொருந்தும்?

பதில்: படிப்படியாக ஒப்பிட்டு விடையை நெருங்கும் எஸ்.ஏ.ஆர். வகையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வகைக்கு 10 பிட்டில் 1,023 கம்பேரட்டர்கள் (இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சுற்றுகள்) வேண்டும். அதைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை. சிக்மா-டெல்டா உயர்துல்லியத்துக்கு மிகச் சிறந்தது என்றாலும், தேவையைவிடப் பல மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்து டிஜிட்டல் வடிகட்டியால் குறைக்க வேண்டியிருப்பதால், உங்கள் 10 பிட்டுக்கு அந்தச் செலவு அதிகம்.

எஸ்.ஏ.ஆரில் ஒரே கம்பேரட்டர்தான். ரெஃபரன்ஸ் (ஒப்பீட்டுக்கு அடிப்படையான நிலையான மின்னழுத்தம்) 1 வோல்ட், உள்ளீடு 0.7 வோல்ட் என்று கொள்வோம். முதலில் 0.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டால் உள்ளீடு பெரியது, விடை 1, அடுத்து 0.75 உடன் ஒப்பிட்டால் சிறியது, விடை 0, பிறகு 0.625, விடை மீண்டும் 1. இப்படிப் பத்து ஒப்பீடுகளில் பத்து பிட்டும் கிடைத்துவிடும்.

ஆனால், வகையைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒப்பிடும் மின்னழுத்தங்களை மின்தேக்கிகளால் உருவாக்கும், 1975-ல் மெக்ரியரியும் கிரேயும் வெளியிட்ட மின்னூட்டப் பகிர்வு முறையில், இடத்தைப் பிடிப்பது மின்தேக்கி வரிசையே. 10 பிட்டுக்கு 1,024 அலகு மின்தேக்கிகள்; அலகு ஒன்றுக்கு 1 ஃபெம்டோஃபாரட் என்றால் மொத்தம் ஏறத்தாழ 1 பிக்கோஃபாரட். அறை வெப்பநிலையில் அதன் வெப்ப இரைச்சல் சுமார் 64 மைக்ரோவோல்ட். 1 வோல்ட் வீச்சில் ஒரு படியோ ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். ஆகவே இரைச்சல் உங்களைத் தடுக்காது; அலகுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. 511-லிருந்து 512-க்கு மாறும்போது 511 அலகுகள் விலகி வேறு 512 அலகுகள் இணைவதால், பொருத்தப் பிழை அங்கேதான் மிகுதியாகத் தெரியும். லேஅவுட்டில் பொது மைய அமைப்பை (அலகுகளை ஒரே மையத்தைச் சுற்றிச் சமச்சீராக அடுக்குவது) கையாளுங்கள். நடுவே பாலமாக ஒரு மின்தேக்கி வைத்து வரிசையை ஐந்தைந்து பிட்டாகப் பிரித்தால் அலகுகள் சுமார் 64 ஆகக் குறையும். ஆனால் பாலத்தருகே சேரும் வேண்டாத மின்தேக்கம் நேர்கோட்டுத் தன்மையைக் கெடுக்கும் என்பதால், இடம் உண்மையிலேயே போதாதபோது மட்டும் அதை நாடுங்கள்.

மாணவர்கள் பலரும் கணக்கில் விட்டுவிடுவது, ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தை நிலையாக வழங்கும் சுற்றான ரெஃபரன்ஸ் பஃபரை. ஒரு மாதிரிக்குக் கிடைக்கும் 10 மைக்ரோவினாடிக்குள் பத்து ஒப்பீடுகளும் முடிய வேண்டும். ஒவ்வொரு முறை மின்தேக்கி மாறும்போதும் ரெஃபரன்ஸ் அசைந்து, 1 மைக்ரோவினாடிக்கும் குறைவான நேரத்தில் மீண்டும் நிலைபெற வேண்டும். இதற்கான பஃபர், ஏ.டி.சி.யைவிட அதிக மின்சாரம் உறிஞ்சக்கூடும். அதையும் உள்ளீட்டு இயக்கியையும் சேர்த்தே மின்செலவைக் கணக்கிடுங்கள்.